அறுபத்திரண்டாவது கை

சிபி அந்த வீடியோவை நாற்பத்தோராவது முறையாகப் பார்த்தான். கை மறுபடியும் உயர்ந்தது.

மொத்தம் பதினோரு வினாடி. நெடுவாவிளை சபைக் கோயிலின் உள்பக்கம். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்ச். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர். அவருடைய இடது கை மடியிலிருந்து மெல்லக் கிளம்புகிறது. தோளைத் தாண்டுகிறது. காதுக்கு மேலே போய் நிற்கிறது. மூன்று வினாடி கழித்துத் தொப்பென்று விழுகிறது.

இரண்டு வருஷமாக அசையாத கை அது.

"நாப்பத்தொண்ணு" என்றான் சிபி. "இனியும் பாத்தா எனக்க கையும் விழுந்திரும் சேச்சி."

சேச்சி என்றால் அக்கா; அவன் அப்படிக் கூப்பிடுவது ஷைலஜாவை. நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே, போட்டோஸ்டாட் கடை மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் நிலையம். இருபது வருஷம் கோர்ட்டில் சம்மன் கொடுக்கிற வேலை பார்த்தவள். வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்கிறவர்களைச் செருப்பின் ஈரத்தை வைத்தே பிடித்தவள். அவளுடைய உதவியாள் சிபி இதற்கு முன் பாறசாலை மினிபஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகிறது. வாய் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

கையின் சொந்தக்காரர் ஞானசிகாமணி. ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இடது பக்கம் விழுந்தது. கால் தேறிவிட்டது. கை தேறவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பெட்டிக்கடை கிடைத்தது. பேப்பர், பழம், நாரங்காவெள்ளம் என்கிற எலுமிச்சைச் சாறு. அதை வைத்து எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு அசனம் வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. தலைமுறை தலைமுறையாகச் சோறும் ஆட்டுக்கறியும். இந்த வருஷம் செயலாளர் ரெத்தினதாஸ் பிரியாணி போடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சபை இரண்டானது. அண்ணன் தம்பி பேசாமல் ஆனார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன், ஆராதனை முடிந்ததும், கை தூக்கி ஓட்டு. பிரியாணிக்கு அறுபத்திரண்டு. சோற்றுக்கு அறுபத்தொன்று.

அந்த அறுபத்திரண்டாவது கை ஞானசிகாமணியின் வாதக் கை.

தகராறு வரும் என்று எதிர்பார்த்து ஆறு பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வீடியோ குழித்துறை வரை போய்விட்டது. அந்த வாரமே, ஞானசிகாமணி ஏமாற்றுகிறார் என்று கடை ஒதுக்கிய அதிகாரிக்கு ஒரு மொட்டை மனு. வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்குக் கடையிலேயே விசாரணை என்று நோட்டீஸ். இன்று புதன்.

ஆனால் நோட்டீஸைக் கொண்டுவந்தது ஞானசிகாமணி இல்லை. அவருடைய மனைவி விமலகுமாரி. முந்திரி ஆபீசில் பருப்பு உடைக்கிறவள். நேற்று வேலை முடிந்து, விரலில் கறையோடு, மாடிப்படி ஏறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. புருஷனைக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்லவில்லை.

"எனக்கு உள்ளது எது, கள்ளம் எதுன்னு அறியணும்" என்றாள். "ரெண்டு வருஷமா நானாக்கும் அவருக்கு சட்டை மாட்டி விடுகது. தினமும் ஏழு பட்டன். கேட்டா, நான் கை தூக்கேல்லேங்காரு. வீடியோவில தூக்குகாரு. நான் எதெ நம்ப? கள்ளம்னா சொல்லிருங்க. வெள்ளிக்கிழமை அந்த சார் வருகதுக்கு முன்னெ நானே கடையெ பூட்டி சாவியெ குடுத்திருவேன். பின்னெ அவரு அவருக்க வழிக்கு, நான் எனக்க வழிக்கு."

சிபி அப்போது ஒரு ஜோக் வைத்திருந்தான். சொல்லவில்லை.

நோட்டீஸோடு மனுவின் நகலும் இருந்தது. கீழே 'ஒரு விசுவாசி' என்று மட்டும். சிபி அதை இப்போது சத்தமாக வாசித்தான். இந்த நபர் நல்ல கையை வைத்துக்கொண்டு, காலையில் ஏழு பித்தான்களையும் மனைவியைக் கொண்டு போடவைத்து, அரசாங்கத்தை ஏமாற்றிவருகிறார்.

"சோத்துப் பார்ட்டிக்க வேலை" என்றான். "தோத்த கடுப்பு. எவனோ நல்லா எழுதியிருக்கான்."

ஷைலஜா மனுவை வாங்கி ஒரு தடவை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வண்டியெ எடு" என்றாள்.

*

பதினொரு மணிக்கு ஸ்டேஷன் ரோட்டில் இருந்தார்கள். ஞானசிகாமணி கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது கை கழுத்தில் மாட்டிய நீலத் துணித் தூளியில் கிடந்தது. ஷைலஜா எதிரே சாயாக்கடையில் போய் உட்கார்ந்தாள். சோதனை சிபியின் பொறுப்பு.

சிபி முதலில் ஓர் ஆரஞ்சை எடுத்து, பிடியுங்கள் என்று அவருடைய இடது பக்கமாக எறிந்தான். வலது கை குறுக்கே வந்தது. ஆரஞ்சு தரையில் விழுந்தது. எடுத்து வைத்துவிட்டு, விழுந்ததை நீயே வாங்கிக்கொள் என்றார் ஞானசிகாமணி. அடுத்து, பேப்பரைப் புரட்டுகிற சாக்கில் இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பல்லியை வைத்தான். கை அசையவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அவர் குனிந்து பார்த்தார்.

"மக்கா" என்றார். "இது உனக்கதா?"

சிபி பல்லியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஆரஞ்சையும் வாங்கினான். சாயாக்கடைக்கு வந்து அறிக்கை கொடுத்தான். ஒன்று, அந்தக் கை செத்த கை. இல்லை என்றால் அந்த ஆள் நடிப்பில் நம் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிறவர்.

"காத்திரு" என்றாள் ஷைலஜா.

காத்திருந்தார்கள். மதியம் ஞானசிகாமணி பொதிச்சோறு சாப்பிட்டார். வெயில் ஏறியது. வியர்வைக்குத் தூளியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொல்லம் பாசஞ்சர் போனது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டே முக்காலுக்கு அவருடைய இடது கை உயர்ந்தது.

அதே மாதிரி. மடியிலிருந்து தோள், தோளிலிருந்து காது. மேலே தொங்கிய மட்டி வாழைப்பழக் குலையைத் தொட்டுவிட்டு விழுந்தது. குலை ஆடியது. ஞானசிகாமணி நிமிர்ந்து குலையைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். காற்று அடித்ததா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

சிபி எழுந்துவிட்டான். "பிடிச்சாச்சு சேச்சி. கள்ளன். ஆளில்லாத நேரம் பாத்து கையெ பொக்குகான்."

"உட்காரு. ஆளில்லாத நேரத்தில பொக்கினா கள்ளன். செரி. நூத்திச் சொச்சம் பேரு பாத்திட்டிருக்கும்போ பொக்கினா?"

சிபி யோசித்தான். "முட்டாக் கள்ளன்."

"ரெண்டு வருஷம் ஒளிச்சு வச்ச கையெ, கை எண்ணுக நாளா பாத்து வெளியெ எடுத்தானா? அதும் ஒரு பிரியாணிக்கு?"

சிபி உட்கார்ந்தான். பிரியாணிக்காக அவனே அதைவிட மோசமான காரியங்கள் செய்திருக்கிறான். ஆனால் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

*

ஓட்டு எண்ணியவர் நேசையன். கோயிலில் மணி அடிப்பவர், பெஞ்ச் துடைப்பவர், விளக்குப் போடுபவர் எல்லாம் அவர்தான். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அவர் எண்ணிய எண்ணிக்கையை யாரும் கேள்வி கேட்டதில்லை. கோயில் வாசலில் வைத்து ஷைலஜா கேட்டாள். ஞானசிகாமணியின் கையைப் பார்த்தீர்களா?

"கையெ கண்டேன்" என்றார் நேசையன். "ஆருக்க கைன்னு பாக்கேல்ல."

அது எப்படி என்றான் சிபி.

அதுதான் முறை என்றார் நேசையன். எண்ணுகிறவன் தலைக்கு மேலேதான் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது. யார் எதற்குத் தூக்கினார் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் ஒரு வீட்டிலும் சாயா கிடைக்காது. முப்பது வருஷமாக இப்படித்தான் எண்ணுகிறார். முப்பது வருஷமாக எல்லா வீட்டிலும் சாயா கிடைக்கிறது.

ஷைலஜா அன்றைய வருகைப் புத்தகத்தைக் கேட்டாள். கூட்டத்துக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விரலை வைத்து எண்ணினாள். சிபி உதட்டை அசைத்து எண்ணினான். இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தது.

நூற்றிருபத்திரண்டு பேர்.

"பிரியாணிக்கு அறுபத்திரெண்டு" என்றாள் ஷைலஜா. "சோத்துக்கு அறுபத்தொண்ணு. கூட்டு."

சிபி கூட்டினான். பஸ்ஸில் டிக்கெட்டும் தலையும் ஒத்துப்போகாத நாட்களில் முதலிலிருந்து மறுபடி எண்ணுவான். இப்போதும் மறுபடி கூட்டினான்.

"நூத்திருபத்து மூணு. சேச்சி, ஒரு ஆளு கூடுதல்."

"ஆளு கூடுதல் இல்ல. கை கூடுதல்."

நேசையன் பக்கம் திரும்பினாள். அவர் கொஞ்சம் வாடியிருந்தார். அன்றைக்கே தெரியும் என்றார். யாரோ கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார். ஷைலஜா போனில் இன்னொரு வீடியோவைப் போட்டாள். சோற்றுக்கு ஓட்டெடுத்தபோது வேறொருவர் எடுத்தது. யாரும் அதைப் பரப்பவில்லை. அதில் அதிசயம் எதுவும் இல்லை. மூன்றாவது பெஞ்சில் ஞானசிகாமணி வலது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேராக, கட்டை மாதிரி, தானே தூக்கிய கை.

சிபி தன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தான்.

"வலது கை சோறு" என்றான் கடைசியில். "இடது கை பிரியாணி. ஒரே ஆளுக்க உள்ள ரெண்டு பார்ட்டி."

"ஒரு கைக்க ஓட்டு அவருக்கது. மற்றது ஆருக்கது?"

அந்த ஓட்டெடுப்புக்கு முன் என்ன நடந்தது என்று நேசையனிடம் கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றார். ரெத்தினதாஸ் போன வருஷ அசனத்தின் நன்றி அறிக்கையை வாசித்தார். விறகு பிளந்தவர்கள், இலை துடைத்தவர்கள், இஞ்சித் தோல் சீவியவர்கள், அண்டா கொடுத்தவர்கள், அண்டாவைத் திருப்பிக் கொடுத்தவர்கள். ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. பத்தொன்பது நிமிஷம். முடிந்த உடனே ஓட்டு.

கோயில் படியில் உட்கார்ந்து ஷைலஜா முதல் வீடியோவைத் திரும்பப் போட்டாள். சிபி நாற்பத்திரண்டாவது முறையாகக் கையைப் பார்த்தான்.

"கையெ பாக்காதே" என்றாள். "இவ்வளவு நாளும் எல்லாரும் கையெத்தான் பாத்தாவ. நேசையன் மாதிரி. முகத்தெ பாரு."

சிபி முகத்தைப் பார்த்தான். கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. பெரிதாக, ஒரு முழு ஆரஞ்சு போகிற அளவுக்கு. பின் பெஞ்சில் ஒருவர் வாயைத் திறந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் புறங்கையால் வாயைப் பொத்தினார். கேட்காமலே சிபியின் தாடை இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. காது அடைத்துத் திறந்தது.

முடிந்ததும் ஷைலஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இப்பம் எதுக்கு கொட்டாவி விட்டே?"

"நான் விடேல்ல சேச்சி. அது வந்துது."

"அதாக்கும்" என்றாள் ஷைலஜா. "அவரும் விடேல்ல. அவருக்கும் வந்துது. வரும்போ கையெயும் கூட்டிட்டு வந்துது."

*

அப்படி ஒன்று உலகத்தில் உண்டா என்று சிபிக்குச் சந்தேகம். நெய்யாற்றின்கரையில் நரம்பு டாக்டர் ஜிஷாவின் கிளினிக்கில், கடைசி டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். டாக்டர் வீடியோவை ஒரே ஒரு முறை பார்த்தார். சிரித்தார். சிலருக்கு வரும் என்றார். அபூர்வம், ஆனால் புத்தகத்தில் உண்டு.

சிபிக்குப் புரிகிற மாதிரிச் சொல்லும்படி ஷைலஜா கேட்டாள். டாக்டர் மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் மூளையை எடுத்துக் காட்டினார்.

மேலே மடிப்பு மடிப்பாக இருப்பது மேல்மாடி ஆபீஸ். கையைத் தூக்கு, ஆரஞ்சைப் பிடி, இந்த உத்தரவெல்லாம் அங்கிருந்து வரும். ஞானசிகாமணிக்கு அங்கிருந்து இறங்குகிற மாடிப்படி இடிந்துவிட்டது. உத்தரவு கைக்கு வந்து சேராது. ஆனால் அடியில், கழுத்தோடு சேருகிற இடத்தில், தண்டு மாதிரி ஒன்று இருக்கிறது. மூளைத்தண்டு. அது வாட்ச்மேன். மூச்சு, இதயம், விழுங்குவது, விக்கல், கொட்டாவி எல்லாம் அவன் டியூட்டி. அவன் மேல்மாடியைக் கேட்பதில்லை. தூங்கும்போதும் வேலை பார்ப்பான். அவனிடமிருந்து கைக்கு ஒரு பழைய பின்வாசல் வழி உண்டு. மேல்மாடி ஒழுங்காக இருக்கும் வரை, அந்த வழி பக்கம் போகாதே என்று அவனை அடக்கி வைத்திருந்தது. இப்போது அடக்க ஆளில்லை. கொட்டாவி வரும்போது வாட்ச்மேன் கையையும் சேர்த்துத் தூக்குகிறான்.

"அப்பம் அந்த வாட்ச்மேனாக்கும் பிரியாணிக்கு ஓட்டு போட்டது" என்றான் சிபி.

டாக்டர் அதை மறுக்கவில்லை.

அவருக்கே தெரியாமல் போகுமா என்று ஷைலஜா கேட்டாள். போகலாம் என்றார் டாக்டர். கொட்டாவியில் கண் மூடிக்கொள்ளும். அந்தக் கையில் உணர்ச்சியும் குறைவு. வீட்டில் கை எப்போதும் தூளியில் இருக்கும் என்றால், பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. ஷைலஜா அங்கிருந்தே விமலகுமாரிக்குப் போன் செய்து ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். பதில் வந்தது. தூளியைத் துவைப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில். காய்வது சாயங்காலம்.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் தூளி இல்லாத கை கோயிலுக்குப் போயிருக்கிறது. பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அந்தச் சபையில் இல்லை. பிரசங்கத்தில் எத்தனையோ தடவை அது உயர்ந்திருக்கும். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அவருக்கு வாதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கைகளை எண்ணினார்கள்.

*

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கு அதிகாரி சோமன் வந்தார். டாக்டர் ஜிஷாவின் கடிதத்தை வாசித்தார். ஃபைலில் வைத்தார். இதைச் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை, ஆனால் கண்ணால் பார்க்காததை எழுத முடியாது என்றார். பன்னிரண்டரைக்குக் கள்ளிக்காட்டில் இன்னொரு விசாரணை இருக்கிறது.

கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. விமலகுமாரி வேலைக்குப் போகவில்லை. சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கடைச் சாவி அவள் கையில் இருந்தது. ஷைலஜா அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்பது சிபிக்குத் தெரியவில்லை. சாவியைப் பையில் போடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஞானசிகாமணியைக் கொட்டாவி விடச் சொன்னார்கள்.

வரவில்லை. பயத்தில் அவருடைய கண் இரண்டும் ஆந்தைக் கண்ணாக இருந்தது. வாயைத் திறந்தார். எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு. கை மடியிலேயே கிடந்தது.

"வாய் தொறந்தாச்சு" என்றார் சோமன். "கை அனங்கல்லியே."

"அது கொட்டாவி இல்ல சார்" என்றாள் ஷைலஜா. "வாய் தொறப்பு. மேல்மாடி உத்தரவு. வாட்ச்மேனுக்கு அறியாது."

சோமன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

சிபி முன்னால் வந்து நின்று கொட்டாவி விட்டுக் காட்டினான். ஒன்று, இரண்டு, ஏழு. எதிரே ஆட்டோக்காரருக்கு ஒட்டியது. ஞானசிகாமணிக்கு ஒட்டவில்லை. போனில் பூனை கொட்டாவி விடுகிற படங்களைக் காட்டினான். பூனை நன்றாக இருக்கிறது என்றார் ஞானசிகாமணி. சிபியின் தாடை கிளிக்கென்று ஒரு சத்தம் போட்டது. மணி பதினொன்றரை. சோமன் பேனாவை மூடினார்.

அப்போது பைக்கில் வந்து இறங்கினார் ரெத்தினதாஸ். கக்கத்தில் ஃபைல். சபைச் செயலாளர் என்ற முறையில் சாட்சி சொல்ல வந்திருந்தார். அந்தக் கை நல்ல கை, நல்ல மனசோடு தூக்கிய கை, பிரியாணி செல்லும். ஞானசிகாமணிமேல் அவருக்கு ஒரு விரோதமும் கிடையாது. கடை போகும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

ஷைலஜா அவரை மரியாதையாகக் கும்பிட்டாள். "அண்ணா, அந்த நன்றி அறிக்கை கையில உண்டா?"

"எப்பவும் உண்டு."

"அதிகாரி கேக்கணும்னு ஆசைப்படுகாரு. ஒண்ணு வாசிப்பியளா?"

ரெத்தினதாஸின் முகம் மலர்ந்தது. "முழுசுமா?"

"ஒரு பேரும் விடப்பிடாது."

சோமன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் ரெத்தினதாஸ் கண்ணாடியை மாட்டிவிட்டார். கர்த்தருக்குள் பிரியமானவர்களே என்று ஆரம்பித்தார். வாழைக்கட்டை நட்டவர்கள் ஒன்பது பேர். பந்தலுக்கு மூங்கில் கொடுத்தவர்கள். மூங்கிலைச் சுமந்தவர்கள். மூங்கில் வரும் வழியில் தங்கள் மதிலை இடிக்க அனுமதித்தவர்கள். அவருக்கு எல்லாப் பெயரும் ஒரே சுருதி. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

நாலாவது நிமிஷம் ஆட்டோக்காரர் ஆட்டோவுக்குள் சாய்ந்தார். ஆறாவது நிமிஷம் சோமன் ஃபைலால் வாயை மறைத்தார். எட்டாவது நிமிஷம் சாயாக்கடையில் சாயா ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தினார். ஞானசிகாமணியின் தோள் மெல்ல இறங்கியது. பயம் எங்கேயோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முகம் வந்தது.

"இஞ்சித் தோல் சீவியவர்கள்" என்று வாசித்தார் ரெத்தினதாஸ். "பதினேழு பேர்."

ஞானசிகாமணியின் கண் மூடியது. வாய் திறந்தது. இடது கை மடியை விட்டுக் கிளம்பியது.

கை தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. விரல்கள் லேசாக விரிந்திருந்தன. பழக்குலையைத் தட்டியது. நின்றது. சிபி மனசுக்குள் எண்ணினான். மூன்று. பிறகு விழுந்தது. ஒரு மட்டிப்பழமும் கூடவே விழுந்தது.

ஞானசிகாமணி கண்ணைத் திறந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

"என்னத்துக்கு பாக்குகிய?" என்றார். "ஆரு வந்தா?"

சோமன் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நாலு வரி. கீழே கையெழுத்து. கடை அவருக்கே என்றார். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்.

ரெத்தினதாஸுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கையில் இருந்த அறிக்கையைப் பார்த்தார். குலையைப் பார்த்தார். "அப்பம் அந்த ஓட்டு?"

"இவரு சோத்துக்கு வலது கை தூக்கினாரு. அதுதான் ஓட்டு" என்றாள் ஷைலஜா. "இப்பம் அறுபத்தொண்ணு, அறுபத்தொண்ணு. போதகர்தான் தீர்ப்பு சொல்லணும்."

அந்தச் செய்தி எப்படி அவ்வளவு வேகமாகப் போனதோ தெரியாது. போதகர் அன்று மதியமே இரண்டு வார விடுப்பில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார் என்று பிற்பாடு நேசையன் சொன்னார்.

மனு எழுதியவரைக் கண்டுபிடிக்க வேண்டுமா என்று சோமன் கேட்டார். ஞானசிகாமணி தலையை ஆட்டினார். "வேண்டாம் சார். சோத்துக்கு ஓட்டு போட்ட எவனோ. எனக்க பார்ட்டியாக்கும்."

விமலகுமாரி கீழே விழுந்த பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷைலஜா அவள் பக்கத்தில் போய் நின்றாள். குனிந்து பழத்தை எடுத்தாள். துடைத்தாள். விமலகுமாரிக்கும் சிபிக்கும் மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"மனுவில ஏழு பித்தான்னு இருந்துது. மனுசனுக்க சட்டையில எத்தனெ பட்டன் உண்டுன்னு ஊரில ஒருத்தனுக்கும் அறியாது. எங்க சிபியிட்ட கேளுங்க, அவனுக்க சட்டையில எத்தனைன்னு."

சிபி குனிந்து எண்ணினான். ஆறு. ஒன்று எப்போது போனது என்று அவனுக்குத் தெரியாது.

விமலகுமாரி சாவியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தாள். "அந்த ஞாயிறு ராத்திரி எழுதினேன். திங்கள் காலம்பெற தபால்பெட்டியில இட்டேன். வந்து அவருக்கு சட்டை மாட்டினேன். மூணாவது பட்டன் போடும்போ எனக்கு மனசு கேக்கேல்ல. திரும்பி ஓடினேன். பெட்டியில உள்ளதெ எடுத்திட்டு போயாச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவரிட்ட சொல்லுவியளா?"

"நாங்க உள்ளதெ கண்டுபிடிச்சு உங்களிட்ட சொல்லியாச்சு" என்றாள் ஷைலஜா. "அதோட எங்க வேலை தீந்தது."

சிபி ஒரு ஜோக்குக்காகத் தேடினான். கிடைக்கவில்லை. பாக்கெட்டில் ரப்பர் பல்லிதான் இருந்தது.

விமலகுமாரி சாவியைக் கடை ஆணியில் மாட்டினாள். அதே ஆணியில் நீலத் தூளி தொங்கியது. அதை எடுத்தாள். புருஷனின் கழுத்துப் பக்கம் கொண்டுபோனாள். மாட்டவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். பிறகு பைக்கை உதைத்துக்கொண்டிருந்த ரெத்தினதாஸிடம் போனாள்.

அந்த அறிக்கையின் காப்பி ஒன்று வீட்டுக்குக் கிடைக்குமா என்று கேட்டாள்.

பிரியாணி போன துக்கத்திலும் ரெத்தினதாஸ் நிமிர்ந்தார். பதினாலு வருஷமாக எழுதுகிறார். யாரும் இதுவரை கேட்டதில்லை.

"எந்த வருஷத்துக்கது?"

விமலகுமாரி திரும்பி, மடியில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீளமானது" என்றாள்.